செக்கரின் விலா எலும்புகள்

செக்கர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பேருந்தில் நடுவழியில் ஏறி, ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டுவார். டிக்கெட் வாங்கி பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்திருப்பவனே ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்வான். முகத்தில் எப்போதும் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருக்கும். பணிமனையில் கண்டக்டர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் உம்மணாமூஞ்சி. அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. வெளியே கோபப்பட்டாலும் உள்ளுக்குள் அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் விஷயம் தெரிந்தால் நீங்கள் அசந்துபோவீர்கள். அந்த முகத்துக்குப் பின்னால் இருந்தது கண்டிப்பும் இல்லை, கடமையுணர்ச்சியும் இல்லை. வெறும் பயம். மனுஷனுக்கு உடம்பெல்லாம் கூச்சம். அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும், இரண்டு பக்கமும், ஒரு விரல் பட்டால் போதும், ஆவி கட்டிய குக்கர் மாதிரி விசில் விசிலாகச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வரும். பிழைப்போ, நாலு பேர் முழங்கை நாலு பக்கமும் இடிக்கிற பிழைப்பு. அதனால் இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டி இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கப் பழகினார். பார்த்தவர்கள் அதைக் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

இந்த ரகசியம் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான், அவர் மனைவி. கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டாள். ஆசையாகத் தோளில் சாய வந்தபோது, துள்ளிக் குதித்துக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று சிரித்த மாப்பிள்ளையை அவள் என்னதான் செய்வாள், பாவம். கொஞ்ச நாளில் அவர் விலாப்பக்கம் கை கொண்டுபோவதையே விட்டுவிட்டாள். அதற்கப்புறம் வருஷங்கள் ஓடின. ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், வெளியூரில் விடுதியில் சேர்ந்து படிக்கப் போனாள்.

மகள் போன மறுமாதமே அவர் மனைவி, பிசியோதெரபி உதவியாளர் படிப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அறிவியலில் கெட்டிக்காரி அவள். கல்யாணம் வந்ததும் புத்தகத்தை மூடியவள், இத்தனை வருஷம் கழித்துத் திறந்திருக்கிறாள். வகுப்பில் மற்றதெல்லாம் மகள் வயசுப் பிள்ளைகள், இவளை அக்கா அக்கா என்று சுற்றிவருகிறார்கள். செக்கரிடம் கேட்டபோது, சேர்ந்தால் சேர்ந்துகொள், எனக்கென்ன என்றார். அவருக்குத் தெரிந்த உச்சபட்ச ஆதரவு அதுதான். அவள் அதைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. முதல் கவளத்தை விழுங்கியதும், இப்போது குரல்வளையின் மூடி டப்பென்று மூடியிருக்கும், இல்லாவிட்டால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போய் உங்களுக்குப் புரையேறியிருக்கும் என்பாள். சொன்ன கையோடு அவருக்குப் புரையேறும். சாப்பிட்டு எழுந்து ஏப்பம் விட்டால் இரைப்பையின் வடிவத்தைக் காற்றில் வரைந்து காட்டுவாள். விக்கல் எடுத்தால் தண்ணீர் கொடுக்க மாட்டாள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை எப்படி வெடுக் வெடுக்கென்று இழுக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். அவர் முறைத்தால், புருவத்தைச் சுருக்குகிற தசை உங்களுக்கு ரொம்ப நன்றாக வளர்ந்திருக்கிறது, வகுப்பில் காட்ட வேண்டும் என்பாள். முறைக்கக்கூட முடியாத வீடு ஒரு வீடா என்று செக்கர் மனசுக்குள் புலம்பிக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, செய்முறைத் தேர்வு வரைக்கும்.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. செய்முறைத் தேர்வுக்கு வருகிற ஒவ்வொரு மாணவியும் தனக்கு ஒரு உடம்பைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். உடம்பு என்றால் பயந்துவிடாதீர்கள், உயிருள்ள உடம்புதான். அண்ணன், தம்பி, சித்தப்பா, யாராவது சட்டையைக் கழற்றிப் படுத்துக்கொள்ளத் தயங்காத ஆம்பிளை. அவன் நெஞ்சில் விரலால் தடவி எலும்புகளைக் கண்டுபிடித்து, பேனாவால் கோடு போட்டு, இதயம் எங்கே, நுரையீரல் எங்கே, கல்லீரல் எங்கே என்று தோலுக்கு மேலேயே குறித்துக் காட்ட வேண்டும். தேர்வு நெருங்கினால் பிள்ளைகள் வராந்தாவில் நின்று, உன் உடம்பு யாருடி, என் உடம்பு ஊருக்குப் போயிருக்குடி என்று பேசிக்கொள்வார்கள். வழியில் போகிறவன் கேட்டால் ஓட்டம் பிடிப்பான்.

செக்கர் மனைவியின் உடம்பு அவள் தம்பி. ஆள் ஒட்டடைக்குச்சி. வீட்டில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சட்டையைக் கழற்றினால் விலா எலும்புகளைத் தொட வேண்டியதே இல்லை, வாசலில் நின்றே எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட தங்கமான உடம்பை வைத்துக்கொண்டும் முதல் தடவை அவள் தேறவில்லை. பதற்றத்தில் எண்ணிக்கையைத் தப்பாக ஆரம்பித்துவிட்டாள். மனுஷனுக்கு முதல் விலா எலும்பு கழுத்தடிக் காறை எலும்புக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கும், கைக்கு அகப்படாது. முதலில் தட்டுப்படுவது இரண்டாவது. அவள் அதையே ஒன்று என்று எண்ணிவிட்டாள். அவ்வளவுதான், எல்லாம் ஒரு மாடி கீழே இறங்கிவிட்டது. தம்பியின் இதயம் இரைப்பைப் பக்கமும், கல்லீரல் இடுப்புப் பக்கமும் குடிபோய்விட்டன. தேர்வு எடுத்தவர் அந்தக் கல்லூரியின் மூத்த ஆசிரியை, பிள்ளைகள் எலும்பம்மா என்று கூப்பிடுகிறவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இவர் இன்னும் உயிரோடு இருப்பது ஆச்சரியம் என்று மட்டும் சொன்னாராம்.

இரண்டாவது வாய்ப்புதான் கடைசி. அதிலும் தேறாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். படித்த படிப்பு அத்தனையும் வீண். அவள் மூன்று வாரம் தம்பியின் நெஞ்சிலேயே குடியிருந்தாள். அவன் பிரியாணிக்கும் பஜ்ஜிக்கும் ஆசைப்பட்டு வந்தவன் இல்லை, அக்கா மேல் உள்ள பாசத்தில் வந்தான். ஆனாலும் நான் இல்லேன்னா இந்தப் படிப்பே இல்ல மாமா என்று செக்கரிடம் அளந்துகொண்டிருந்தான்.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒட்டடைக்குச்சி டியூப்லைட் மாட்டுகிறேன் என்று ஸ்டூலில் ஏறி, ஸ்டூலோடு சேர்ந்து விழுந்தான். விலாவில் முறிவு. மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது செக்கரும் பக்கத்தில் இருந்தார். மனைவி கேட்ட முதல் கேள்வி, எத்தனாவது விலாடா என்பது. ஏழாவது என்று அவன் சொன்னதும்தான், வலிக்குதாடா ராஜா என்று அழ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் தம்பிக்காக அழுதாள். அப்புறம் தனக்காக அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து செக்கரைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையைப் பார்த்ததுமே செக்கரின் கைகள் தாமாகவே விலாவோடு போய் ஒட்டிக்கொண்டன.

வேறு ஆள் பார்க்கலாம் என்றார் அவர். அக்கம்பக்கத்தில் யாரை நெஞ்சைக் காட்டச் சொல்லிக் கூப்பிடுவது என்றாள் அவள். கேட்க வேண்டிய கேள்விதான். செக்கர் சட்டைப் பித்தானைக் கழற்றினார். கழற்றும்போது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

“பாஸ் பண்ணி நீ என்னதான் பண்ணப் போற? ஃபெயிலானாலும் குடி ஒண்ணும் முழுகிடாது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அவர் சொல்ல நினைத்தது, தேறாவிட்டாலும் நீ எனக்குக் குறைந்துபோக மாட்டாய் என்பதை. வாய்க்குள்ளிருந்து வெளியே வரும்போது அது இப்படி ஆகிவிட்டது. அவருக்கு எப்போதும் அப்படித்தான் ஆகும். அவள் பாயை விரித்தாள்.

காறை எலும்பு வரைக்கும் ஒன்றும் பிரச்சினை இல்லை. நெஞ்செலும்பின் மேல் உள்ள சின்ன மேட்டைக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்தில் இருப்பதுதான் இரண்டாவது விலா என்று இந்தத் தடவை சரியாக ஆரம்பித்தாள். அங்கிருந்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினாள், பாருங்கள். செக்கர் பாயிலிருந்து ஒரு முழம் எழும்பி விழுந்தார். குக்கர் விசில் அடித்தது. ஒரு விசில் இல்லை, ஏழெட்டு. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டி, யாருக்காவது வலிப்பு வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, சிரித்தோம் என்று செக்கர் மனைவி சொன்னதை அவர் நம்பவே இல்லை. அந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மாடி ஏறினார்.

மறுநாள் முழுக்க வைத்தியம் நடந்தது. துண்டை வாயில் திணித்துக் கடித்துப் பார்த்தார், துண்டு கிழிந்தது. ஐஸ் கட்டியை விலாவில் வைத்து மரத்துப்போகச் செய்தார்கள். ஐஸ் வைக்கும்போதே அவர் சிரித்த சிரிப்பில் பாதி ஐஸ் அலமாரிக்கு அடியில் போய்விட்டது. கட்டுப் போட்ட ஒட்டடைக்குச்சி போனிலேயே ஆலோசனை சொன்னான், சோகமான விஷயமாக நினையுங்கள் மாமா என்று. செக்கர் தன் மேலதிகாரி ஓய்வுபெற இன்னும் இத்தனை வருஷம் இருக்கிறது என்பதை நினைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் சிரிப்பும் கூடவே வந்தது. மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது குறித்துவிடலாம் என்று அவள் பூனை மாதிரி வந்தாள். தூக்கத்திலேயே அவர் விட்ட உதையில் பேனா பரணுக்குப் போயிற்று.

சாயங்காலம் அவள் புத்தகத்தை மூடினாள். சத்தம் போடாமல்தான் மூடினாள். அதுதான் செக்கருக்கு என்னவோ செய்தது.

“விடுங்க. எனக்கு இதெல்லாம் வராதுன்னு இருக்கு போல. நான் பரீட்சைக்குப் போகல.”

சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் அவர் விழுங்கிய கவளங்கள் எந்த வழியாக எங்கே போயின என்று யாரும் சொல்லவில்லை. நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று இத்தனை நாள் ஏங்கிய மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஏப்பம் விட்டுப் பார்த்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் வேலையில் அவருக்கு நிலைகொள்ளவில்லை. ஒருத்தன் நேற்றைய டிக்கெட்டைக் காட்டினான், தலையாட்டிவிட்டு நகர்ந்தார். கண்டக்டர் வாயைப் பிளந்து நின்றான். செக்கரின் கண்ணுக்கு முன்னால் அந்த மூடிய புத்தகம்தான் நின்றது. தான் ஒரு மனுஷனா, பெண்டாட்டி ஆசையாக ஒன்று படிக்கிறாள், பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கத் துப்பில்லையே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்றார்.

“நாளைக்கு நான் வரேன். செத்தாலும் சிரிக்க மாட்டேன்.”

அவள் நம்பவில்லை. ஆனால் பரணில் ஏறிப் பேனாவைத் தேடி எடுத்தாள்.

தேர்வுக் கூடத்துக்கு வெளியே உடம்புகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரு தாத்தா, இரண்டு அண்ணன்கள், உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து நேராக வந்ததுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு மாமன். கடைசியில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் செக்கருக்கு முகத்தில் ஈயாடவில்லை. போன மாதம்தான் அவர் மெமோ கொடுத்த கண்டக்டர். அக்கா மகளுக்காக வந்திருக்கிறானாம். வணக்கம் சார், நீங்களுமா என்றான், பல்லெல்லாம் தெரிய. இன்றைக்கு மானம் கப்பலேறப் போகிறது, நாளைக்குக் காலையில் பணிமனை முழுக்க நாறப் போகிறது என்று செக்கருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அந்தப் பக்கம் மனைவி வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஏதோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவர் எழவில்லை.

உள்ளே இரண்டே கட்டில். நடுவில் ஒரு துணித் திரை. விதி என்று ஒன்று இருக்கிறதே, திரைக்கு அந்தப் பக்கம் படுத்தவன் அதே கண்டக்டர். செக்கர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுத்தார். கட்டிலில் விரித்திருந்த ரப்பர் விரிப்பு முதுகில் சில்லென்றது. எலும்பம்மா வந்து நின்றார். ஒல்லியான அம்மாள், அவருக்கு அந்தப் பெயர் பாடத்தால் வந்ததா உருவத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. ஆரம்பிக்கலாம் என்றார்.

மனைவியின் விரல் நெஞ்செலும்பின் மேட்டைத் தொட்டது. சரி. இரண்டாவது விலாவுக்கு வந்தது. செக்கர் பல்லைக் கடித்தார். மூன்றாவதுக்கு இறங்கியது. கால் கட்டைவிரல் இரண்டும் விறைத்துக்கொண்டன. நான்காவதைத் தொட்டதும் முதல் விசில் அடித்தது.

அப்புறம் அணை உடைந்த கதைதான். அவர் சிரித்தார், நெளிந்தார், கட்டில் கிறீச்சிட்டது, ரப்பர் விரிப்பு நழுவிற்று. எலும்பம்மா ஓரடி பின்னால் போனார். திரை ஒரு பக்கமாக விலகி கண்டக்டரின் தலை எட்டிப் பார்த்தது. ஐயோ சார் என்றான் அவன். அவன் கண்ணில் இருந்தது கேலிகூட இல்லை, பேயைப் பார்த்த திகில்.

உடம்பு ஒத்துழைக்காவிட்டால் நான் எதை வைத்து மதிப்பெண் போடுவது என்று எலும்பம்மா கேட்டார். இன்னும் ஒருமுறை முயற்சி செய்யுங்கள், முடியாவிட்டால் வெளியே அடுத்த பெண் காத்திருக்கிறாள் என்றும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று செக்கருக்குத் தோன்றியது.

இரண்டாவது முறை மூன்றாவது விலாவிலேயே முடிந்துபோயிற்று.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். சிரித்த சிரிப்பில் கண்ணீர் காது வரைக்கும் வழிந்திருந்தது. மனைவியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. கண்டக்டர் பார்ப்பதோ, பணிமனை சிரிக்கப் போவதோ, எதுவும் அவருக்கு இப்போது ஒரு பொருட்டாக இல்லை. இவளைக் கெடுத்துவிட்டேனே என்ற ஒன்றுதான் மனசில் சுற்றிச் சுற்றி வந்தது.

“என்னால உனக்கு...” என்று ஆரம்பித்தார். நெஞ்செல்லாம் வியர்த்துக் கொட்டியிருந்தது. தன் கையாலேயே விலாப் பக்கம் வழிந்த வியர்வையை அழுத்தித் துடைத்துக்கொண்டார். ஒரு பக்கம் துடைத்துவிட்டு மறுபக்கமும் துடைத்தார்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தானே துடைத்துக்கொண்டபோது சிரிப்பு எதுவும் வரவில்லை அவருக்கு. வீட்டில் பாத்திரம் கழுவும்போது ஏதாவது யோசனை வந்தால் அவள் கை அப்படியே தண்ணீருக்கடியில் நின்றுவிடும். இப்போதும் அப்படித்தான் நின்றாள். பேனாவை அவர் வயிற்றின் மேலேயே வைத்தாள்.

“ஏங்க, உங்க கையை என் கைமேல வைங்க. இறுக்கிப் பிடிங்க. நீங்கதான் நகர்த்தணும், நான் சும்மா உங்ககூட வரேன்.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வைத்தார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துச் சொரசொரத்த கை அது. அந்தக் கையை இப்படி முழுசாகப் பிடித்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தார், சரியாக நினைவுக்கு வரவில்லை. நகர்த்துங்க என்றாள். நகர்த்தினார். இரண்டாவது விலா. கொஞ்சம் கீழே என்றாள். மூன்றாவது. கடைவாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு விசிலுக்காகக் காத்திருந்தார். விசில் வரவில்லை. நான்காவது. இரண்டு கையும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு போயின. ஐந்தாவது. அதற்கடுத்த பள்ளத்தில் அவள் விரல் நின்றது.

“இங்கதான். ஐந்தாவது இடைவெளி. காறை எலும்போட நடுவுலேருந்து கீழ ஒரு கோடு இழுத்தா, அதுக்குக் கொஞ்சம் உள்பக்கம். இதயத்தோட நுனி இங்கதான் இடிக்கும் மேடம்.”

பேனாவை எடுத்து ஒரு பெருக்கல் குறி போட்டாள். அவர் கை அவள் கையைவிட்டு இறங்கவில்லை. அப்படியே இருவருமாகச் சேர்ந்து கல்லீரலின் கீழ் ஓரத்துக்குப் போனார்கள், நுரையீரலின் எல்லைக்குப் போனார்கள், இடதுபக்கம் மண்ணீரலுக்குப் போனார்கள். அவளுக்குத் தெரியாத சந்து பொந்து ஒன்றும் அந்த உடம்பில் இல்லை. செக்கர் தன் உடம்புக்குள் இத்தனை சாமான்கள் இருப்பதையே அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

எலும்பம்மா குனிந்து பெருக்கல் குறியின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தார். குறி சரியா தப்பா என்று சொல்லவில்லை. சிரிப்பு ஏன் நின்றது என்று கேட்டார். இது பாடத்தில் இந்த இடத்தில் இல்லையே, யார் சொல்லிக் கொடுத்தது என்றும் கேட்டார்.

யாரும் சொல்லவில்லை என்றாள் அவள். நரம்பு மண்டலப் பாடத்தில் படித்ததை இப்போது பொருத்திப் பார்த்தேன் என்று விளக்கினாள். நம் கையை நாமே அசைக்கும்போது, எங்கே போகப் போகிறது என்று மூளைக்கு முன்கூட்டியே சேதி போய்விடுகிறது. அதனால் அந்தத் தொடுகையை மூளை பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்தவர் கை எங்கே போகும் என்று தெரியாது, அதனால்தான் கூச்சம். இவர் கையும் சேர்ந்து வந்ததால் என் கையையும் மூளை அவர் கை மாதிரியே ஏற்றுக்கொண்டுவிட்டது. இதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவே இல்லை. இவளா நம்ம வீட்டில் இருக்கிறவள் என்று செக்கருக்கு இருந்தது.

எலும்பம்மா தலையாட்டினார். கடைசியாக நாடி பாருங்கள் என்றார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு, இருக்காது என்பதுபோல் மறுபடியும் எண்ணினாள்.

“நூத்தி இருபது மேடம்.”

“சும்மா படுத்திருக்கிறவருக்கு நூத்தி இருபதா? சரியா எண்ணினீங்களா?”

சரியாகத்தான் எண்ணினேன் என்றாள். அப்படியானால் காரணம் சொல்லுங்கள் என்றார் எலும்பம்மா. பேனாவைத் தாளுக்கு மேல் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எல்லாம் கூடிவந்த நேரத்தில் இந்தப் பாழாய்ப்போன நாடி வந்து கெடுக்கிறதே என்று செக்கர் மூச்சை அடக்கி அதை இறக்கப் பார்த்தார். அது இன்னும் ஏறியது.

அவள் புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், நல்ல சிவப்பு, ரத்தச் சோகை இல்லை. ஓடியாடி வரவில்லை, பேருந்தில் உட்கார்ந்துதான் வந்தார். சிரித்ததால் ஏறியிருந்தால் இத்தனை நேரத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக் கழித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தைச் சுருக்கும் தசை வேலை செய்துகொண்டிருந்தது.

“பயம் மேடம்” என்றாள்.

“எதுக்குப் பயம்?”

அவள் அவர் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“நான் ஃபெயிலாயிடுவேனோன்னு.”

அதெல்லாம் ஒன்றும் இல்லை, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லச் செக்கர் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். மணிக்கட்டு அவள் விரலுக்கடியில் கிடந்தது. அது திமுதிமுவென்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வாயால் வேறு ஒன்றைச் சொல்லி என்ன பிரயோஜனம்.

எலும்பம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாளில் ஏதோ எழுதினார். முடிவைப் பலகையில் ஒட்டுவதுதான் வழக்கம், அதுவரைக்கும் இவர் தாங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டு, பாஸ் என்றார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்டக்டர் அப்பாடா என்றது எல்லோருக்கும் கேட்டது.

அவள் விரல் இன்னும் நாடியில்தான் இருந்தது.

“இப்ப இன்னும் ஏறுது மேடம்.”

அடுத்த பெண் காத்திருக்கிறாள், கட்டிலைக் காலி பண்ணுங்கள் என்றார் எலும்பம்மா. அவள் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை.